சார்ட்டை விவரிக்கும் கேள்வி: அண்ணன் மகளின் தாள்களைப் பழுதுபார்த்த பதிவு

அண்ணன் மகள் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வை எழுதப் போகிறாள். மேற்படிப்புக்கு வெளிநாடு போவதற்கான அகாடமிக் தேர்வு. கேட்பது, படிப்பது, பேசுவது மூன்றிலும் மாதிரித் தேர்வுகளில் ஒன்பதில் ஏழுக்குக் குறையவில்லை. எழுத்தில் மட்டும் ஐந்தரை. அதிலும் கட்டுரை பரவாயில்லை. ஒரு சார்ட்டைக் கொடுத்து விவரிக்கச் சொல்கிற முதல் கேள்வியில்தான் அடி வாங்குகிறாள். கோச்சிங்கில் தாளைத் திருத்தி, "வொக்காபுலரியை வளர்த்துக்கொள்ளவும்" என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். எந்த வரியில், எந்தச் சொல்லுக்குப் பதில் எந்தச் சொல் என்று ஒன்றும் இல்லை.

"அயித்தே, இங்கிலீசு நீங்க பாக்க வேணாம், அந்தப் படத்த மட்டும் பாருங்க" என்று தாள்களைக் கொண்டுவந்து போட்டாள். நான் காரைக்குடியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்குப்பதிவியல் டியூஷன் எடுக்கிறவள். தாள்களைப் படித்த வரைக்கும் ஆங்கிலத்தில் பெரிய பழுது எனக்குத் தெரியவில்லை. ஒரு படத்தில் பன்னிரண்டு எண் இருந்தால் பன்னிரண்டையும் எழுதி வைக்கிறாள். எது முக்கியம் என்று முடிவு செய்யாமலே பேனாவை எடுத்துவிடுகிறாள். முடிவு செய்கிற வேலைக்கு ஆங்கிலமே வேண்டாம், தமிழிலேயே செய்துவிடலாம் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து அப்படியே செய்து பார்த்தோம். இதே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிற பிள்ளைகள் நிறைய இருப்பதால் எழுதி வைக்கிறேன்.

கேள்வி கேட்பது என்ன

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. எழுத்துத் தேர்வு மொத்தம் 60 நிமிடம். சார்ட்டுக்கு 20 நிமிடம், குறைந்தது 150 சொல். கட்டுரைக்கு 40 நிமிடம், குறைந்தது 250 சொல். மதிப்பெண்ணில் கட்டுரை இரண்டு பங்கு, சார்ட் ஒரு பங்கு. ஆகவே சார்ட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் நட்டம். படம் கோடாக வரலாம், பட்டையாக வரலாம், வட்டமாக, அட்டவணையாக வரலாம். ஒரு பொருள் தயாராகும் விதமாகவோ ஊர் வரைபடமாகவோகூட வரலாம். சில நேரம் இரண்டு படம் சேர்ந்து வரும்.

படத்தோடு வருகிற கட்டளை எப்போதும் ஒன்றுதான்: முக்கியமானவற்றைத் தேர்ந்தெடுத்துச் சொல், பொருத்தமான இடத்தில் ஒப்பிடு. எல்லா மாதிரித் தாளிலும் அது இருக்கிறது. அதனாலேயே கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். தேர்ந்தெடுக்கச் சொன்னால் மீதியை விட்டுவிடச் சொல்கிறார்கள் என்றுதானே பொருள். அப்புறம் "விட்டா மார்க் போயிராதா அயித்தே?" என்றாள். அந்தப் பயம்தான் அவளை எல்லா எண்ணையும் எழுத வைத்திருக்கிறது.

போகாது. மதிப்பெண் நான்கு தலைப்புகளில் சமமாகப் பிரிகிறது: கேட்டதைச் செய்தது, கருத்துகளைக் கோவையாகச் சொன்னது, சொல்வளம், இலக்கணம். இதற்கான அளவுகோலைத் தேர்வு நடத்துகிறவர்களே வெளியிட்டிருக்கிறார்கள். முதல் தலைப்பில் ஐந்தாம் படியில் இருப்பவர் எப்படி எழுதுவார் என்றால், ஒட்டுமொத்தப் போக்கைத் தெளிவாகச் சொல்லாமல் விவரங்களை இயந்திரத்தனமாக ஒப்பிப்பார். ஏழாம் படிக்கு அந்த ஒட்டுமொத்தப் போக்கு தெளிவாக இருந்தாக வேண்டும். அவளுடைய தாளுக்கும் ஐந்தாம் படிக்கும் பத்துப் பொருத்தமும் இருந்தது.

முதல் தாள்: இரண்டு கோடு

பயிற்சிப் புத்தகங்களின் சார்ட்டுகள் எங்கோ ஒரு நாட்டில் யார் எவ்வளவு பீட்சா தின்றார்கள் என்கிற ரகம். அந்த எண் கூடினாலும் குறைந்தாலும் அவளுக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. அதனால் நமக்குத் தெரிந்த விஷயமாக, மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து ஒரு அட்டவணை எடுத்தேன். கல்லுக்கட்டிக் கடைத்தெருவில் கிராஃப் தாளும் இரண்டு ஸ்கெட்ச் பேனாவும் வாங்கி வந்தாள். தமிழ்நாட்டுக்குச் சிவப்பு, கேரளத்துக்கு ஊதா. படத்தை அவளையே வரைய வைத்தேன். சொந்தக் கையால் புள்ளி வைத்துக் கோடு இழுத்தவளுக்கு அச்சில் என்ன அலகு இருக்கிறது என்பது மறக்காது.

பத்தாண்டு மக்கள்தொகை வளர்ச்சி விகிதம் (சதவீதம்)
1951–61: தமிழ்நாடு 11.85, கேரளம் 24.76
1961–71: தமிழ்நாடு 22.30, கேரளம் 26.29
1971–81: தமிழ்நாடு 17.50, கேரளம் 19.24
1981–91: தமிழ்நாடு 15.39, கேரளம் 14.32
1991–2001: தமிழ்நாடு 11.72, கேரளம் 9.43
2001–11: தமிழ்நாடு 15.61, கேரளம் 4.91

இருபது நிமிடம் கொடுத்து எழுதச் சொன்னேன். வந்தது இப்படி: ஒரு பத்தி முழுக்கத் தமிழ்நாடு, ஆறு எண். அடுத்த பத்தி முழுக்கக் கேரளம், ஆறு எண். "இன் 1971 இட் வாஸ் 22.30. தென் இட் டிகிரீஸ்டு டு 17.50. தென் இட் டிகிரீஸ்டு டு 15.39." இலக்கணப் பிழை கிடையாது. ஆனால் இரண்டு மாநிலமும் சேர்ந்து வருகிற வாக்கியம் தாள் முழுக்கத் தேடினாலும் இல்லை. அட்டவணையைப் பக்கத்தில் வைத்திருக்கிறவருக்கு இந்தத் தாளால் என்ன பயன்? கடைசி வரிதான் மோசம்: "தஸ், தி பாப்புலேஷன் ஆஃப் கேரளா டிகிரீஸ்டு." அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதல் வேலையாக எண்களை மறைத்தோம். பழைய காலண்டர் அட்டையை நீளமாக வெட்டி, படத்தின் இடதுபக்க அளவின்மேல் வைத்துவிட்டேன். இப்போது கோடு மட்டும் தெரியும். "என்ன தெரியுதுன்னு தமிழ்ல சொல்லு." சொல்ல வரவில்லை. எண்ணைத்தான் திரும்பத் தேடினாள்.

திண்ணையில் என் மாமனார் இருந்தார். அந்தக் காலத்தில் ஒரு செட்டியார் வீட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். முதலாளியிடம் பேரேட்டை யாரும் வரி வரியாக வாசித்துக் காட்டுவதில்லை. வருசக் கணக்கின் சுருக்கமான ஐந்தொகையை முன்னால் வைத்து, போன வருசத்துக்கு இந்த வருசம் எது கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது, எந்த இனத்தைக் கவனிக்க வேண்டும் என்று நின்ற இடத்தில் சொல்லிவிட்டு வருவதுதான் வேலை என்பார். அவரிடம் தாளைக் கொடுத்தோம்.

"என்னாத்தா இது, மழைக் கணக்கா?"

"இல்லங்கய்யா, ஜனத்தொகை எம்புட்டு வேகத்துல கூடுதுன்னு. செவப்பு நம்மது, ஊதா கேரளா."

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றித் தாளைக் கிட்டத்தில் பிடித்துக்கொண்டார். "ஊதா ஒசரத்துல ஆரம்பிச்சு அடியில வந்து கெடக்கு. நம்மது ஏறி, எறங்கி, கடைசியில மறுபடி ஏறுது. நடுவுல ஒரு எடத்துல ரெண்டும் மாத்திக்கிருச்சு. அம்புட்டுத்தான?"

அம்புட்டுத்தான். எண் ஒன்றுகூட இல்லாமல் மூன்று வாக்கியம். இந்தத் தேர்வில் ஓவர்வியூ என்று சொல்வது இதைத்தான். அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு, அப்புறம் ஆங்கிலத்துக்குப் போனாள்: "ஓவரால், தி ரேட் இன் கேரளா ஃபெல் ஷார்ப்லி, வேர்ஆஸ் தட் இன் தமிழ்நாடு ரோஸ், ஃபெல் அண்ட் தென் ரோஸ் அகெய்ன். கேரளா, விச் பிகான் வித் தி ஹையர் ரேட், எண்டட் வித் தி லோயர் ஒன்." இதில் அவளுக்குத் தெரியாத சொல் எது? ஒன்றும் இல்லை. கோச்சிங்கில் சொன்ன வொக்காபுலரி பிரச்சினை இங்கே எங்கே போயிற்று என்று இப்போதும் எனக்குப் புரியவில்லை.

ஓவர்வியூவைக் கடைசியில் வைக்கலாமா என்று கேட்டாள். வைத்தால் தப்பில்லை. ஆனால் நேரம் தீர்ந்துபோனால் முதலில் விழுவது கடைசிப் பத்திதான். அறிமுக வரிக்கு அடுத்தே எழுதிவிட்டால் அந்தப் பயம் இல்லை. அறிமுகம் ஒரே வாக்கியம் போதும்: படம் எதை, எங்கே, எந்தக் காலத்துக்குக் காட்டுகிறது. கேள்வியில் உள்ள வாசகத்தைச் சொந்த நடையில் மாற்றினால் போதும், அழகுபடுத்திக்கொண்டு உட்கார வேண்டாம்.

வித்தியாச வரிசை

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டவணைக்குப் பக்கத்தில் பென்சிலால் இன்னொரு வரிசை போடச் சொன்னேன். ஒவ்வொரு பத்தாண்டிலும் இரண்டு மாநிலத்துக்கும் உள்ள வித்தியாசம், யார் மேலே என்ற குறிப்போடு. தேர்வறையில் தசமம் வரை போக வேண்டியதில்லை, குத்துமதிப்பாகப் போதும்.

கேரளம் 13 மேலே. கேரளம் 4 மேலே. கேரளம் 2-க்குச் சற்றுக் குறைவாக மேலே. தமிழ்நாடு 1 மேலே. தமிழ்நாடு 2 மேலே. தமிழ்நாடு ஏறக்குறைய 11 மேலே.

இந்த ஆறு எண்ணைப் பார்த்ததும் பத்தி எங்கே பிரிகிறது என்று அவளே சொல்லிவிட்டாள். மாநிலத்துக்கு ஒரு பத்தி என்கிற பழைய ஏற்பாடு போனது. 1951 முதல் 1981 வரை கேரளம் மேலே, இடைவெளி சுருங்குகிறது: முதல் பத்தி. 1981 முதல் 2011 வரை தமிழ்நாடு மேலே, இடைவெளி விரிகிறது: இரண்டாம் பத்தி. இப்படிப் பிரித்துவிட்டால் ஒப்பிடாமல் எழுதவே முடியாது. ஒவ்வொரு வாக்கியத்திலும் இரண்டு மாநிலமும் தானாக வந்து விழும்.

அடுத்தது வேண்டாத எண்களைக் கழித்துக்கட்டுவது. தொடக்கம் இரண்டு, முடிவு இரண்டு, உச்சம் இரண்டு, தமிழ்நாட்டின் தாழ்ந்த புள்ளியான 11.72 ஒன்று. இந்த ஏழுக்கும் பென்சிலில் வட்டம். கோடுகள் மாறிக்கொள்ளும் இடத்துக்கு எண்ணே வேண்டாம், பத்தாண்டைச் சொன்னால் போதும். மீதியெல்லாம் விடுதலை. 17.50-ஐ விட அவளுக்கு மனசே வரவில்லை, பாவம்.

வட்டம் போட்ட எண்களை வெறுமனே அடுக்காமல் விகிதமாகவும் சொல்லலாம். 24.76 என்பது 11.85-ஐப் போல இரண்டு மடங்குக்கு மேல். 4.91 என்பது 15.61-ல் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. "மோர் தேன் ட்வைஸ்", "லெஸ் தேன் எ தேர்ட் ஆஃப்" என்ற இந்த இரண்டு தொடரும் தொடக்கத்தையும் முடிவையும் எதிரெதிரே நிறுத்திவிடுகின்றன. மாற்றி எழுதிய இரண்டாம் பத்தி இப்படித் தொடங்கியது: "தமிழ்நாடு ஓவர்டுக் கேரளா இன் தி 1980ஸ், அண்ட் தி கேப் வைடன்ட் தேர்ஆஃப்டர்." பத்துப் பன்னிரண்டு சொல்லில் முப்பது வருசக் கதை. அதன் பின்னால்தான் 11.72-ம் 15.61-ம் 4.91-ம்.

குறைந்தது எது?

இப்போது அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன். கேரளத்தின் மக்கள்தொகை குறைந்தது என்று எழுதியிருந்தாள். 1951-ல் 1.35 கோடியாக இருந்தது 2011-ல் 3.34 கோடி. எங்கே குறைந்தது? குறைந்தது வளர்ச்சி விகிதம். 4.91 சதவீதம் என்றாலும் அது கூடுதல்தான், மெதுவாகக் கூடுகிறது. கோடு கீழே இறங்குவதைப் பார்த்ததும் ஆள் குறைந்துவிட்டார்கள் என்று கை எழுதிவிடுகிறது.

இது மதிப்பெண் போகிற இடம். படத்தில் இல்லாத ஒன்றைத் தவறாகச் சொன்னதாகிவிடும். எழுதத் தொடங்குமுன் அச்சின் பெயரை விரலால் தொட்டுப் படிக்க வேண்டும்: எண்ணிக்கையா, சதவீதமா, விகிதமா, ஆயிரத்துக்கா, லட்சத்துக்கா. அதே சொல்தான் வாக்கியத்தின் எழுவாயாக வர வேண்டும். "கேரளா டிகிரீஸ்டு" என்று எழுதினால் கேரளமே சுருங்கிப்போன மாதிரி இருக்கிறது. "தி குரோத் ரேட் இன் கேரளா டிகிரீஸ்டு" என்றால் சரி. எண்ணக்கூடிய ஆட்களுக்கு "நம்பர்", தண்ணீர், மின்சாரம் மாதிரி அளப்பவற்றுக்கு "அமவுன்ட்", மொத்தத்தில் பங்குக்கு "ப்ரொபோர்ஷன்". அவளுடைய பழைய தாள்களை எடுத்து எழுவாய்களின் கீழ் மட்டும் கோடு போட்டுக்கொண்டே போனோம். பாதிக்கு மேல் நாட்டின் பெயரோ "இட்" என்ற சொல்லோதான் எழுவாயாக உட்கார்ந்திருந்தது.

இரண்டாம் தாள்: நான்கு பட்டை

நகரங்களில் வாழ்வோர் (சதவீதம்)
தமிழ்நாடு: 2001-ல் 44.04, 2011-ல் 48.40
கேரளம்: 2001-ல் 25.96, 2011-ல் 47.70

நாலே எண்தான். இதில் என்ன எழுத இருக்கிறது என்று நினைத்தாள். "தமிழ்நாடு இன்கிரீஸ்டு பை 48.40 பர்சென்ட்" என்று முதல் வரியே வந்தது. "பை" போட்டால் அதன் பின் கூடுதல் மட்டும் வர வேண்டும். "டு" போட்டால் போய்ச் சேர்ந்த எண் வர வேண்டும். அதைத் திருத்தியதும் "இன்கிரீஸ்டு பை 4 பர்சென்ட்" ஆயிற்று. இன்னும் சரியில்லை. 44.04-ல் நாலு சதவீதம் கூட்டினால் 45.80-தான் வரும். 48.40-க்கு எப்படிப் போவது?

வட்டித் தொழிலில் பேர் வாங்கிய ஊரில் இதற்கு உதாரணம் தேடி வெளியே போக வேண்டியதில்லை. ரெண்டு வட்டிக்கு வாங்கின கடன் மூணு வட்டி ஆகிவிட்டால் கூடியது ஒரு வட்டி. ஆனால் மாதா மாதம் கட்டுகிற வட்டிப் பணம் பாதிக்குப் பாதி கூடிவிட்டது. நூறு ரூபாய்க்கு ரெண்டு ரூபாய் கட்டியவர் இப்போது மூணு ரூபாய் கட்டுகிறார். இரண்டும் உண்மை, இரண்டும் வேறு வேறு கணக்கு. சதவீதத்திலிருந்து சதவீதத்தைக் கழித்தால் வருவதை ஆங்கிலத்தில் "பர்சென்டேஜ் பாயின்ட்ஸ்" என்பார்கள். தமிழ்நாட்டில் கூடியது 4.36 பாயின்ட். கேரளத்தில் கூடியது ஏறக்குறைய 22 பாயின்ட். கணக்கில் சந்தேகம் இருந்தால் "ஃப்ரம் 44 டு 48 பர்சென்ட்" என்று இரண்டு முனையையும் எழுதிவிடுவது பாதுகாப்பு. அதில் யாரும் குறை காண முடியாது.

வித்தியாச வரிசையை இங்கேயும் போட்டாள்: 2001-ல் 18, 2011-ல் ஒன்றுகூட இல்லை. அப்புறம் ஓவர்வியூ எழுதுவது கஷ்டமே இல்லை. இரண்டு மாநிலத்திலும் நகரவாசிகளின் பங்கு கூடியது. கேரளத்தில் மிக அதிகமாகக் கூடியதால் பழைய இடைவெளி கிட்டத்தட்ட மூடிவிட்டது.

வினைச்சொல் விவகாரமும் இந்தத் தாளில்தான் வெளியே வந்தது. கோச்சிங்கில் மனப்பாடம் செய்யச் சொன்ன பட்டியல் ஒன்று வைத்திருக்கிறாள்: "சோர்டு", "ஸ்கைராக்கெட்டட்", "ப்ளம்மெட்டட்". எங்காவது போட்டுவிட வேண்டும் என்ற வேகத்தில் 44-லிருந்து 48-க்குப் போனதை "ஸ்கைராக்கெட்டட்" என்று எழுதிவிட்டாள். பத்து வருசத்தில் நாலு பாயின்ட் ஏறியதற்கு ராக்கெட்டா? அதற்கு "ரோஸ் ஸ்லைட்லி" போதும். பெரிய சொல்லைக் கேரளத்துக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். அங்கேயும் "ரோஸ் டிரமாட்டிக்கலி" என்றால் வேலை முடிந்தது. "அல்மோஸ்ட் டபுள்ட்" என்று எழுதலாமா என்று கேட்டாள். 26-ன் இரண்டு மடங்கு 52, 47.70 அதைத் தொட இன்னும் நாலு இருக்கிறது. நான் என்றால் எழுத மாட்டேன். ஆங்கிலத்தில் என்ன பேண்ட் (மதிப்பெண் படி) வருமோ, கணக்கில் பொய் சொல்லக் கூடாது.

இன்னொரு வெட்டு. கேரளம் ஏன் இப்படி ஏறியது என்று இரண்டு வாக்கியம் எழுதியிருந்தாள்: வளைகுடாப் பணம், கல்வி, பஸ் வசதி. எனக்கும் காரணம் சொல்ல வரும். கேரளத்தில் 2001-ல் 99 ஆக இருந்த சென்சஸ் டவுன்கள் (நகராட்சி இல்லாவிட்டாலும் கணக்கெடுப்பில் நகரமாக எண்ணப்படும் ஊர்கள்) 2011-ல் 461 ஆகிவிட்டன. முன்பு கிராமக் கணக்கில் இருந்த பல ஊர்கள் இருந்த இடத்திலேயே நகரக் கணக்குக்கு வந்தன. சுவாரசியமான விஷயம்தான். ஆனால் படத்தில் இல்லை. இந்தக் கேள்வி படத்தில் உள்ளதை மட்டும் கேட்கிறது. காரணம், கருத்து, அறிவுரை எல்லாம் இரண்டாவது கேள்விக்கு. "பிகாஸ்" என்ற சொல் சார்ட் விடையில் தென்பட்டாலே நின்று பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம்.

மூன்றாம் தாள்: காலம் இல்லாத படம்

எழுத்தறிவு, 2011 (சதவீதம்)
இந்தியா: ஆண் 80.9, பெண் 64.6
தமிழ்நாடு: ஆண் 86.8, பெண் 73.4
கேரளம்: ஆண் 96.1, பெண் 92.1

இதற்கு அவள் எழுதிய முதல் வாக்கியம்: "லிட்ரசி இன்கிரீஸ்டு ஃப்ரம் இந்தியா டு கேரளா." பட்டைகள் இடமிருந்து வலமாக உயரமாகிக்கொண்டே போவதால் ஏற்பட்ட மயக்கம். ஒரே வருசப் படத்தில் எதுவும் ஏறுவதில்லை, இறங்குவதில்லை. உயர்ந்தது, தாழ்ந்தது என்கிற வினைகள் அத்தனையும் இங்கே செல்லாக் காசு. அதற்குப் பதிலாக "ஹையர் தேன்", "தி லோயஸ்ட்", "சிமிலர் டு", "ட்வைஸ் அஸ் மெனி" போன்றவைதான் வேலைக்கு ஆகும். ஒரே வருசத்து வட்டப் படத்துக்கும் இதே விதி. படம் கைக்கு வந்ததும் முதலில் தேட வேண்டியது வருசம்: ஒரு வருசமா, பல வருசமா என்று பார்த்துவிட்டால் வினைச்சொல் பாதி தீர்மானமாகிவிடும். வருசம் முடிந்துபோனதாக இருந்தால் இறந்தகாலம். வரப்போகிற வருசத்துக்கு மதிப்பீடு போட்டிருந்தால் "இஸ் ப்ரொஜெக்டட் டு" என்று எழுதுவார்கள்.

வித்தியாச வரிசையை இந்த முறை ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே போட்டாள். இந்தியா 16, தமிழ்நாடு 13, கேரளம் 4. எழுத்தறிவு அதிகமாக இருக்கிற இடத்தில் ஆண்-பெண் இடைவெளி குறைவாக இருக்கிறது என்பது மூன்று எண்ணில் வந்துவிட்டது. இது ஓவர்வியூவுக்கு.

பிறகு தாளைக் குறுக்கே பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அயித்தே, கேரளத்துப் பொம்பளைக நம்ம ஊரு ஆம்பளைகளவிட முன்னால இருக்காக!" 92.1-க்கும் 86.8-க்கும் உள்ள ஒப்பீடு. இந்த இரண்டு பட்டையும் படத்தில் பக்கத்துப் பக்கத்தில் இல்லை. நிறமும் வேறு, மாநிலமும் வேறு. அவளாகவே கண்டுபிடித்தது. அதோடு சேர்த்து இன்னொன்றும் கண்டாள்: தமிழ்நாட்டுப் பெண்களின் 73.4, அகில இந்திய ஆண்களின் 80.9-க்குக் கீழே இருக்கிறது. இரண்டையும் ஒரே வாக்கியமாக "வைல்" போட்டு இணைத்தாள். அந்தத் தாளில் நான் திருத்தியது "ரெஸ்பெக்டிவ்லி" ஒன்றுதான். ஆண், பெண் என்று சொல்லிவிட்டு எண்ணைப் பெண், ஆண் வரிசையில் கொடுத்திருந்தாள். அந்தச் சொல்லைப் போட்டால் பெயரின் வரிசையும் எண்ணின் வரிசையும் ஒத்துப்போக வேண்டும்.

நேரக் கணக்கு

இருபது நிமிடத்தில் முதல் ஐந்து நிமிடம் பேனா கிடையாது, பென்சில் மட்டும். அச்சு, வருசம், வித்தியாச வரிசை, வட்டம், பத்தி பிரியும் இடம். கணினியில் எழுதுகிறவர்களுக்கும் குறிப்பு எடுக்கத் தாள் தருவார்கள். அடுத்த பன்னிரண்டு நிமிடம் எழுத்து. கடைசி மூன்று நிமிடத்தில் முழுக்கப் படிக்க நேரம் இருக்காது. எண்களைப் படத்தோடு ஒரு முறை, எழுவாய்களை ஒரு முறை, வினையின் காலத்தை ஒரு முறை ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

ஐந்து நிமிடம் எழுதாமல் இருப்பதற்கு அவள் ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்றாள். பக்கத்துப் பெஞ்சில் சரசரவென்று பேனா ஓடும்போது சும்மா இருக்க முடியாதாம். பழைய விடைகள் 230 சொல் வரை போயிருந்தன. எண்ணைக் கழித்த பிறகு 170, 180-ல் நிற்கிறது, ஆக மொத்தத்தில் நேரம் மிஞ்சுகிறது. அதைக் காட்டியதும் ஒத்துக்கொண்டாள். கணினித் தேர்வில் சொல் எண்ணிக்கை திரையிலேயே ஓடும். தாளில் எழுதுகிறவர்கள் தங்கள் கையெழுத்தில் ஒரு வரிக்கு எத்தனை சொல் வருகிறது என்று வீட்டிலேயே பார்த்து வைத்துக்கொண்டால் அறையில் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

பாக்கி

தயாரிப்பு முறைப் படம் இன்னும் தொடவில்லை. அதற்கு ஆத்தங்குடி டைல் பட்டறையையே படமாக வரையலாம் என்று இருக்கிறோம். கண்ணாடித் தட்டின்மேல் சட்டம் வைத்து, அச்சுக்குள் வண்ணச் சிமெண்டுக் கலவையை ஊற்றி, அதன்மேல் உலர்ந்த மணல்-சிமெண்டு தூவி, பின்புறம் காரை நிரப்பி, காயவைத்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு எடுப்பது வரை வரிசை தெளிவாக இருக்கிறது. அதில் ஒப்பீடு கிடையாது. செயப்பாட்டு வினையும் வரிசைச் சொல்லும்தான் வேலை என்பதால் என்னைவிட அவளுடைய இங்கிலீசு டீச்சர் பார்ப்பது நல்லது.

எனக்கு மிச்சம் இருப்பது இரண்டு படம் சேர்ந்து வருகிற கேள்வி. அதற்கு மேலே உள்ள முதல் அட்டவணையையும் இரண்டாவதையும் ஒரே தாளில் வரைந்து கொடுத்திருக்கிறேன். ஓவர்வியூவில் இரண்டு படத்துக்கும் ஆளுக்கு ஒரு வாக்கியம், பிறகு படத்துக்கு ஒரு பத்தி என்பது திட்டம். மூன்று அட்டவணையையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எழுத்தறிவுத் தாளை முதலில் செய்யுங்கள். ஆறு எண்தான், வித்தியாச வரிசை போடுவதைப் பழக அதுவே எளிது. எழுதி முடித்ததும் மறந்துபோய் "இன்கிரீஸ்டு" எங்காவது விழுந்திருக்கிறதா என்று மட்டும் ஒரு முறை தேடிப் பாருங்கள்.